பழைய இங்கிலீஷ் போன் சைனா பரிமாறும் பாத்திரங்கள்: பார்த்து வாங்குவதும் பயமில்லாமல் புழங்குவதும்

போன் சைனா என்ற மெல்லிய இங்கிலீஷ் பீங்கான் என்றாலே எல்லோர் கையும் முதலில் டீ கப்புக்குத்தான் போகிறது. பழைய சாமான் சந்தையில் கப்பையும் சாஸரையும் மொய்ப்பவர்கள், அதே மேசையின் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் மூடி போட்ட பெரிய காய்கறிக் கிண்ணத்தைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. அந்தக் கிண்ணத்துக்காகத்தான் இதை எழுதுகிறேன். பர்மிங்ஹாமில் இருக்கிறேன், போன் சைனாவின் ஊரான ஸ்டோக்-ஆன்-ட்ரென்ட் இங்கிருந்து ரயிலில் சுமார் ஒரு மணி நேரம்தான், அதனால் பல வருடங்களாக இந்தப் பாத்திரங்களைத் தேடி அலையும் வாய்ப்பு கிடைத்தது.

பரிமாறும் பாத்திரத்தை ஏன் தேர்ந்தெடுக்கச் சொல்கிறேன் என்றால், பன்னிரண்டு பேருக்கான ஒரு டின்னர் செட்டில் சாப்பாட்டுத் தட்டுகள் தினமும் கத்தி பட்டுக் கீறலாகியிருக்கும், கப்புகளின் கைப்பிடி போயிருக்கும், ஆனால் இரண்டே இரண்டு மூடிக் கிண்ணங்களும் பெரிய நீள்வட்டத் தட்டும் கிறிஸ்துமஸுக்கும் கல்யாண நாளுக்கும் மட்டும்தான் அலமாரியை விட்டு வெளியே வந்திருக்கும். அறுபது வயதான கிண்ணம் புதுசு போலவே கிடைப்பது இதனால்தான். போதாததற்கு இன்றைய சின்ன வீடுகளில் இவற்றை வைக்க இடமில்லை என்று பலர் கழித்துவிடுகிறார்கள்.

முதல் படி: எதைத் தேடுகிறோம் என்று தெரிந்துகொள்ளுங்கள்

மூடிக் கிண்ணம்தான் ராஜா. இங்கே அதற்கு கவர்டு வெஜிடபிள் டிஷ் என்று பெயர், இரண்டு பக்கமும் கைப்பிடி, மேலே குமிழ் வைத்த மூடி. சூப்புக்கான பெரிய டூரீன் என்றால் மூடியின் ஓரத்தில் கரண்டிக் காம்பு நுழைய ஒரு வெட்டு இருக்கும். அப்புறம் நீள்வட்டத் தட்டுகள், பெரும்பாலும் 13 முதல் 16 அங்குலம் வரை. கிரேவி போட், அதாவது குழம்பு ஊற்றும் மூக்கு வைத்த கிண்ணம், வாங்கினால் அதன் அடித்தட்டும் சேர்ந்து வருகிறதா என்று பாருங்கள், அடித்தட்டு தொலைந்து போனதுதான் அதிகம். இவை தவிர மூடியில்லாத கிண்ணம், காலோடு நிற்கும் கேக் ஸ்டாண்ட், இரண்டு காது வைத்த 9 அல்லது 10 அங்குல பிரெட் தட்டு எல்லாம் உண்டு. முதல் தடவை வாங்குபவர்களுக்கு அந்தக் காது வைத்த தட்டைத்தான் சொல்வேன். மூடி பொருந்துமா என்ற கவலை கிடையாது, எடுத்துப் பிடிப்பது எளிது, ஒரு ஈடு இட்லியைத் தாராளமாக அடுக்கலாம்.

இரண்டாம் படி: எலும்பு விஷயத்தை முதலிலேயே பேசிவிடுங்கள்

இதைச் சிலர் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள், எனக்கு அது சரியாகப் படவில்லை. போன் சைனாவில் உண்மையிலேயே எலும்பு இருக்கிறது. மாட்டெலும்பைச் சுட்டுச் சாம்பலாக்கி, கார்ன்வாலில் கிடைக்கும் வெள்ளைக் களிமண்ணோடும் கார்னிஷ் கல்லோடும் கலப்பார்கள். மரபான பக்குவத்தில் பாதிக்குப் பாதி எலும்புச் சாம்பல், மற்ற இரண்டும் கால் கால் பங்கு. எலும்புச் சாம்பலைப் பீங்கானில் சேர்ப்பது லண்டனின் போ தொழிற்சாலையில் 1740-களின் கடைசியிலேயே தொடங்கியது என்றாலும், இன்று நாம் போன் சைனா என்று சொல்லும் பக்குவத்தை 1790-களில் ஸ்டோக்கில் நிலைநிறுத்தியவர்கள் ஸ்போட் என்ற பீங்கான் கம்பெனிக் குடும்பத்தார்.

என் மாமியார் முதல் தடவை இங்கே வந்தபோது, அலமாரியைப் பார்த்துவிட்டு, "அது என்ன போன்? எலும்பா?" என்று நேராகவே கேட்டார். ஆமாம் அத்தை என்றேன். அவர் இருந்த மூன்று மாதமும் அந்தப் பாத்திரங்கள் சமையலறைப் பக்கம் வரவில்லை. சைவ வீட்டில் இதில் பரிமாறப் போகிறீர்கள் என்றால் சாப்பிட வருபவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவதுதான் மரியாதை.

எலும்பு வேண்டாம், ஆனால் இங்கிலீஷ் அழகு வேண்டும் என்பவர்களுக்கும் வழி இருக்கிறது. ராயல் டோல்டன் கம்பெனிக்காரர்கள் 1960-ஐ ஒட்டி இங்கிலீஷ் டிரான்ஸ்லூசென்ட் சைனா என்ற வகையைக் கொண்டுவந்தார்கள், அதில் எலும்புச் சாம்பல் கிடையாது. அடியில் அந்தப் பெயரும் டி.சி. என்று தொடங்கும் எண்ணும் இருக்கும். அத்தை அடுத்த முறை வந்தபோது பாயசம் அதில்தான் பரிமாறினேன்.

மூன்றாம் படி: நிஜமாகவே போன் சைனாதானா?

ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, பின்னால் விரல்களை ஆட்டிப் பாருங்கள். விரல் நிழல் தெரிய வேண்டும். கிண்ணத்தின் அடிப்பாகம் கனமாக இருப்பதால் அங்கே தெரியாது, விளிம்பிலோ மூடியின் ஓரத்திலோ பார்க்க வேண்டும். வெள்ளை நிறமும் ஒரு துப்புதான், போன் சைனாவின் வெள்ளையில் பாலாடை போன்ற ஒரு சூடு இருக்கும், மற்ற பீங்கானில் லேசான நீலமோ சாம்பலோ தட்டும்.

பெயரை மட்டும் நம்பி ஏமாறுவது இங்கேதான் நடக்கும். ஸ்போட்டின் புகழ்பெற்ற ப்ளூ இட்டாலியன் வரிசை 1816-லிருந்து வருகிறது, பார்க்க அற்புதம், ஆனால் அது எர்த்தன்வேர், அதாவது சாதாரண மண்பாண்ட வகை, வெளிச்சம் ஊடுருவாது. ராயல் வொர்செஸ்டரின் ஈவ்ஷாம் கோல்டு 1961-ல் வந்தது, பழங்கள் வரைந்து தங்க விளிம்பு வைத்தது, இங்கே எந்தப் பழைய சாமான் கடைக்குப் போனாலும் கண்ணில் படும், அது அடுப்பிலிருந்து மேசைக்குக் கொண்டுவருவதற்கென்று செய்த வேறு வகைப் பீங்கான். இரண்டுமே நல்ல பாத்திரங்கள்தான், போன் சைனா விலை கேட்டால் மட்டும் கொடுக்காதீர்கள். இன்னொன்று, கிளேஸ் என்ற கண்ணாடி போன்ற மேல்பூச்சு முழுக்க சிலந்தி வலை மாதிரி மெல்லிய வெடிப்புகள் ஓடினால் அது பெரும்பாலும் எர்த்தன்வேராகத்தான் இருக்கும், போன் சைனாவில் அப்படி வருவது அபூர்வம்.

நான்காம் படி: கவிழ்த்துப் பார்த்து அடிமுத்திரையைப் படியுங்கள்

முத்திரையில் இருக்கும் வருடம் பாத்திரம் செய்த வருடம் அல்ல. கோல்போர்ட் கம்பெனி முத்திரையில் 1750 என்றும் ஐன்ஸ்லி கம்பெனி முத்திரையில் 1775 என்றும் பார்த்துவிட்டு இருநூறு வருடப் பழசு என்று விலை சொல்பவர்கள் உண்டு, அது கம்பெனி தன் தொடக்கம் என்று சொல்லிக்கொள்ளும் வருடம், அவ்வளவுதான்.

உண்மையான துப்புகள் வேறு. 'இங்கிலாந்து' என்று நாட்டின் பெயர் மட்டும் இருந்தால் பெரும்பாலும் 1891-க்குப் பிந்தையது, அமெரிக்காவின் மெக்கின்லி சுங்கச் சட்டம் இறக்குமதிச் சரக்கில் நாட்டுப் பெயர் இருக்க வேண்டும் என்று கேட்டதால் வந்த பழக்கம் அது. 'மேட் இன் இங்கிலாந்து' என்று இருந்தால் இருபதாம் நூற்றாண்டு என்று எடுத்துக்கொள்ளலாம். 'போன் சைனா' என்ற சொற்களே முத்திரையில் இருந்தாலும் அப்படித்தான். டிஷ்வாஷரில் போடலாம் என்று எழுதியிருந்தால் அது 1950-களுக்கு முன்னே போகாது. பாத்திரத்தின் வடிவத்தைப் பதிவு செய்ததைக் காட்டும் வைர வடிவக் குறி 1842 முதல் 1883 வரை இருந்தது, அதற்கப்புறம் 1884-லிருந்து வெறும் பதிவு எண். 1900 பிறந்தபோது அந்த எண் மூன்றரை லட்சத்தைத் தொட்டிருந்தது. ஆனால் வடிவத்தைப் பதிவு செய்த காலத்தைத்தான் அது சொல்லும், அதே வடிவத்தை முப்பது வருடம் கழித்தும் செய்துகொண்டிருந்திருப்பார்கள்.

எனக்கு ரொம்பப் பிடித்தது ராயல் கிரவுன் டெர்பியின் முறை. 1880-லிருந்து ஒவ்வொரு வருடத்துக்கும் ஒரு குறி, 1938-லிருந்து ரோமன் எண்கள். 1938 ஒன்று, அப்படியே எண்ணிக்கொண்டு போனால் இருபது என்பது 1957. கையில் ஒரு பட்டியலும் இல்லாமல் சந்தையில் நின்றபடியே வருடம் சொல்லிவிடலாம்.

முத்திரையின் குறுக்கே ஒரு கோடு கீறியிருந்தால் அது தொழிற்சாலையிலேயே இரண்டாம் தரம் என்று கழித்தது. ஒரு கரும்புள்ளியோ பூ கொஞ்சம் விலகி ஒட்டியதோதான் குறையாக இருக்கும். புழங்குவதற்கு வாங்குபவர்கள் இதைத் தயங்காமல் எடுக்கலாம், விலையை மட்டும் குறைத்துக் கேளுங்கள்.

ஐந்தாம் படி: கண்ணால் பாதி, விரலால் பாதி

அவசரப்படக் கூடாத இடம் இதுதான். மண்பானை வாங்கும்போது தட்டிப் பார்ப்போமே, அதேதான் இங்கேயும். பாத்திரத்தை விரிந்த விரல்நுனிகளில் தாங்கி, விளிம்பில் நகத்தால் லேசாகச் சுண்டுங்கள். கணீரென்று ஒலித்து, ஒலி சற்று நேரம் நின்றால் நல்லது, பொத்தென்று அடங்கிவிட்டால் எங்கேயோ மயிரிழை விரிசல் இருக்கிறது. மூடியையும் அடியையும் தனித்தனியாகச் சுண்ட வேண்டும், சேர்த்து வைத்துத் தட்டினால் எதுவும் தெரியாது.

அடுத்து கண்ணை மூடிக்கொண்டு விளிம்பு முழுக்க விரலை ஓட்டுங்கள். கண்ணுக்குத் தப்பிய மூளி விரலுக்குத் தப்பாது. மூடியின் உள்விளிம்பு, குமிழ் ஒட்டும் இடம், கைப்பிடியின் இரண்டு முனைகள், கிரேவி போட்டின் மூக்கு, இந்த நான்கு இடங்களில்தான் அடி விழுந்திருக்கும். மூடியை வைத்து மெல்லச் சுழற்றிப் பாருங்கள், ஆடாமல் உட்கார வேண்டும். ஆடினாலோ, வெள்ளையின் சாயல் மூடியிலும் அடியிலும் வேறாக இருந்தாலோ, வேறு கிண்ணத்தின் மூடியைக் கொண்டுவந்து ஜோடி சேர்த்திருக்கிறார்கள். பூ வரிசையும் பாருங்கள், மூடியில் இருக்கும் கொடியும் அடியில் இருக்கும் கொடியும் ஒரே அச்சா?

ஒட்டிய வேலையைக் கண்டுபிடிக்க ஒரு சின்ன அல்ட்ரா வயலட் டார்ச் போதும். இருட்டில் அடித்தால் பசையும் மேலே பூசிய பெயின்ட்டும் மற்ற இடத்திலிருந்து தனியாகத் தெரியும். பெயின்ட் பூசிய இடம் தொடும்போது கொஞ்சம் மென்மையாக, பீங்கானின் குளிர்ச்சி இல்லாமல் இருக்கும். மிகப் பழைய தட்டுகளில் பின்பக்கம் உலோகத் தையல் போட்டிருப்பதையும் பார்க்கலாம், உடைந்ததைத் துளையிட்டுக் கம்பியால் இழுத்துக் கட்டியது, நல்ல பசை வருவதற்கு முன் அதுதான் வைத்தியம். அப்படி ஒரு தட்டு என்னிடம் இருக்கிறது, அதில் சாப்பாடு வைப்பதில்லை, ஆனால் யாரோ அதைத் தூக்கிப் போட மனமில்லாமல் தைத்து வைத்தார்களே என்பதற்காகவே வைத்திருக்கிறேன்.

தங்க விளிம்பு தேய்ந்திருப்பது வேறு விஷயம். போன் சைனாவை முதலில் சுமார் 1,200 டிகிரிக்கு மேல் சுடுவார்கள், பிறகு கிளேஸ் போட்டு அதைவிடக் குறைந்த சூட்டில், கடைசியில் வண்ணமும் தங்கமும் கிளேஸுக்கு மேலே வைத்து இன்னும் குறைந்த சூட்டில். தங்கம் மேலே உட்கார்ந்திருக்கிறதே தவிர உள்ளே போகவில்லை. அதனால்தான் தேய்கிறது. புழங்க நினைப்பவர்களுக்குத் தேய்ந்த விளிம்பு நல்ல செய்தி, விலை இறங்கிவிடும்.

ஆறாம் படி: எங்கே வாங்குவது

இங்கிலாந்தில் இருந்தால் தர்ம நிதிக்காகப் பழைய சாமான் விற்கும் சாரிட்டி கடைகள், கார் டிக்கியைத் திறந்து வைத்து விற்கும் ஞாயிற்றுக்கிழமை கார் பூட் சந்தைகள், உள்ளூர் ஏலக் கூடங்கள், இந்த வரிசையில் போங்கள். ஏலத்தில் உடைந்ததும் உடையாததுமாக ஒரு பெட்டி முழுக்கத் தள்ளிவிடுவார்கள், முதல் நாளே போய்ப் பார்த்திருந்தால் நல்ல மூடிக் கிண்ணம் அதில் கிடைக்கும். வாங்கும் முன் ஒரு நாள் ஸ்டோக்குக்குப் போய் ஹான்லியில் உள்ள பாட்டரீஸ் அருங்காட்சியகத்தையும், லாங்டனில் பழைய பாட்டில் வடிவச் சூளைகளோடு நிற்கும் கிளாட்ஸ்டன் பாட்டரி அருங்காட்சியகத்தையும் பாருங்கள். இதை எத்தனை கைகள் தொட்டுச் செய்தன என்பதை அங்கே பார்த்த பிறகு தட்டைப் பிடிக்கும் விதமே மாறிவிடும். ஷெல்லி, ஐன்ஸ்லி, பாரகன், ராயல் ஆல்பர்ட் கம்பெனிகள் எல்லாம் அந்த லாங்டன்காரர்கள்தான். ஷெல்லி 1966-லேயே போய்விட்டது, ஐன்ஸ்லியின் லாங்டன் ஆலை 2014-ல் மூடியது, ராயல் ஆல்பர்ட் உற்பத்தி 2002 வாக்கில் இந்தோனேசியாவுக்குப் போனது. அதனால் 1962-ல் ஹரால்டு ஹோல்ட்கிராஃப்ட் வடிவமைத்த ஓல்டு கன்ட்ரி ரோசஸ் என்ற ராயல் ஆல்பர்ட் வரிசையைத் தேடுகிறவர்கள், இங்கிலாந்தில் செய்ததா என்று அடிமுத்திரையைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

ஆன்லைனில் வாங்கினால் அடிமுத்திரை, மூடியின் உட்புறம், விளிம்பு, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தது என நாலு படமாவது கேளுங்கள். சுண்டினால் ஒலிக்கிறதா என்றும் கேளுங்கள், தெரிந்த விற்பனையாளர் கோபித்துக்கொள்ள மாட்டார். பேக்கிங் பற்றி வாங்கும்போதே சொல்லிவிடுங்கள்: மூடி தனியாகச் சுற்றி வர வேண்டும், பெட்டிக்குள் பெட்டி இருக்க வேண்டும், பாத்திரத்தின் மேல் டேப் ஒட்டவே கூடாது. இதை நான் நஷ்டப்பட்டுத்தான் கற்றேன். ஒரு மின்டன் கம்பெனிக் கிண்ணத்துக்கு மூடி நகராமல் இருக்கட்டும் என்று நல்லெண்ணத்தில் செலோடேப் போட்டு அனுப்பியிருந்தார் விற்றவர். பிரித்தபோது டேப்போடு இரண்டு அங்குலத் தங்கமும் வந்துவிட்டது. அன்று முழுக்க மனசே சரியில்லை.

முழு செட்டும் ஒரே பூவில் சேர வேண்டும் என்று துரத்தாதீர்கள், இது என் கருத்து. பணமும் போகும், நிம்மதியும் போகும். வெள்ளையில் தங்க விளிம்பு என்று ஒன்றைப் பொதுவாக வைத்துக்கொண்டால் வெட்ஜ்வுட் தட்டும் மின்டன் கிண்ணமும் டெர்பி பிரெட் தட்டும் ஒரே மேசையில் சண்டை போடாமல் இருக்கும்.

ஏழாம் படி: சாப்பாடு வையுங்கள், ஆனால் எதை வைக்கிறோம் என்று பாருங்கள்

பழைய வண்ணங்களில் ஈயமும் சிலவற்றில் காட்மியமும் சேர்ந்திருக்கும். கிளேஸுக்கு மேலே இருக்கும் வண்ணத்தைப் புளிப்பு மெல்ல மெல்லக் கரைக்கும். நம் சமையலில் புளி, எலுமிச்சை, தக்காளி, தயிர் இல்லாத நாள் ஏது? அதனால் என் வீட்டில் வைத்துக்கொண்ட முறை இது: உட்புறம் வெறும் வெள்ளையாக, கிளேஸ் முழுசாக இருக்கும் கிண்ணத்தில்தான் குழம்பும் ரசமும், அதுவும் சாப்பிடும் நேரத்துக்கு மட்டும். மிச்சத்தை அதிலேயே மூடி ஃபிரிட்ஜில் வைப்பது கிடையவே கிடையாது. உட்புறம் கனமாக வண்ணம் தீட்டியவை, இரண்டாம் உலகப் போருக்கு முந்தையவை, விரிசல் உள்ளவை எல்லாம் முறுக்கு, அதிரசம், தோலோடு பழம் வைக்க. விரிசல் உள்ளதில் மஞ்சள் பட்டால் கறை உள்ளே இறங்கிவிடும், பிறகு அந்தக் கோடு காலத்துக்கும் மஞ்சளாகவே நிற்கும்.

சில்லென்றிருக்கும் கிண்ணத்தில் கொதிக்கக் கொதிக்க ஊற்றாதீர்கள். முதலில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி இரண்டு நிமிடம் வைத்து, கொட்டித் துடைத்துவிட்டுப் பரிமாறுங்கள். ஓவனில் வைக்கக் கூடாது. தங்கம் இருந்தால் மைக்ரோவேவில் பொறி பறக்கும். கருங்கல் மேடையில் நேராக வைக்காமல் கீழே ஒரு துணி போடுங்கள். எவர்சில்வர் கரண்டி கிளேஸ் மேல் சாம்பல் நிறக் கோடு போடும், அது கீறல் அல்ல, ஒட்டிய உலோகம், சமையல் சோடாவைக் குழைத்து மெல்லத் தேய்த்தால் போய்விடும், தங்கத்தின் மேல் மட்டும் சோடா படக் கூடாது. நான் மரக் கரண்டியும் ஊரிலிருந்து கொண்டுவந்த சிரட்டை அகப்பையும்தான் போடுகிறேன், ஒரு கோடு கிடையாது. அப்புறம், கிண்ணத்தைக் கைப்பிடியைப் பிடித்துத் தூக்காதீர்கள். சாதம் நிறைந்த கிண்ணத்தின் கனத்தை எழுபது வருடப் பழைய இரண்டு காதுகள் தாங்க வேண்டுமா? இரண்டு கையாலும் அடியில் ஏந்துங்கள்.

எட்டாம் படி: கழுவுவதும் எடுத்து வைப்பதும்

விருந்து முடிந்த அசதியில் கழுவாதீர்கள், உடைவது அப்போதுதான். உணவை வழித்துவிட்டு வெதுவெதுப்பான தண்ணீரை ஊற்றி வைத்துவிட்டுக் காபி குடித்து வாருங்கள். சிங்கில் ஒரு துண்டு விரித்து, குழாயை ஒருபக்கம் தள்ளிவிட்டு, மோதிரத்தைக் கழற்றிவிட்டு, ஒவ்வொன்றாக, மென்மையான சோப்பும் ஸ்பாஞ்சும் போட்டு. தேங்காய் நாரும் கம்பி நாரும் பிளீச்சும் கிட்டவே வரக் கூடாது. டிஷ்வாஷர் தூள் தங்கத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடும், பழையதை அதில் போடாதீர்கள்.

தட்டின் அடிவளையம் சொரசொரப்பாக இருக்கும், அடுக்கினால் கீழே உள்ள தட்டின் பூவைத் தேய்க்கும். ஒவ்வொரு தட்டுக்கும் நடுவே ஃபெல்ட் துணியோ மெல்லிய வெள்ளைத் தாளோ வையுங்கள், செய்தித்தாள் வேண்டாம், மை ஒட்டும். ஐந்தாறுக்கு மேல் அடுக்க வேண்டாம். மூடிக் கிண்ணத்தை மூடிய நிலையில் வைக்காமல், உள்ளே ஒரு பழைய பருத்தித் துணியை மடித்துப் போட்டு, மூடியைத் தலைகீழாகத் திருப்பிக் குமிழ் துணிமேல் படும்படி வையுங்கள். விளிம்போடு விளிம்பு உரசாது, உள்ளே ஈரவாடையும் தங்காது.